சதுரங்கப் பலகையின் முன் இரு பெண்கள்

(வடுகபட்டியில் நிகழ்ந்த நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு கல்விக் கழகம் உயிரோடு இயங்குவது எளிய செயலன்று. கூலி வேலை முடித்து வந்த கைகள் கொடுத்த சிறு காசுகளால் தொடங்கப்பெற்ற கழகம் இது. இன்று இதன் மாலைப் படிப்பகத்தில் பயின்ற பிள்ளைகள் பலர் அரசுப் பணியிலும், ஆசிரியப் பணியிலும், செவிலியர் பணியிலும் இருக்கின்றனர். அவர்களை இவ்வரங்கில் காணும்போது என் உள்ளம் நிறைகிறது.

பெண் கல்வி குறித்துப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். பெண் கல்வி நல்லது என்று இவ்வவையில் சொல்லி மெய்ப்பிக்க வேண்டிய தேவை இல்லை. அதனை நீங்கள் அறிவீர்கள். ஆகவே, இரண்டு பெண்கள் ஆடிய ஒரு சதுரங்கப் போட்டியைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். அதைச் சொல்லி முடித்தபின் உங்களிடம் ஒரு வேண்டுகோளையும் வைப்பேன். வேண்டுகோள் சிறியது, நிறைவேற்றுவதுதான் சற்றுக் கடினம்.

2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில், கருங்கடற் கரையில் உள்ள பாட்டுமி என்னும் நகரில் மகளிர் உலகக் கோப்பைச் சதுரங்கப் போட்டி நடைபெற்றது. பாட்டுமி ஜார்ஜியா நாட்டைச் சேர்ந்தது. சதுரங்கத்தில் பெண்கள் பெரும்புகழ் பெற்ற நாடு அது. 1962 முதல் 1978 வரை உலக மகளிர் வாகையராக விளங்கிய நோனா கப்ரிந்தாஷ்விலி அந்நாட்டவர். அவரை வென்று 1991 வரை அப்பட்டத்தை வைத்திருந்த மாயா சிபுர்தனித்சேயும் அந்நாட்டவரே. திருமணம் ஆகிச் செல்லும் மகளுக்குச் சீர்ப்பொருள்களோடு ஒரு சதுரங்கப் பலகையும் கொடுத்து அனுப்பும் வழக்கம் அங்கே முன்பு இருந்ததாகச் சொல்வர். நாம் அண்டாவும் குத்துவிளக்கும் கொடுத்து அனுப்புகிறோம். அங்கே சிந்திப்பதற்கு ஒரு பலகையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்நாட்டுப் பெண்கள் உலகை வென்றதில் வியப்பென்ன?

அத்தகைய நாட்டில் நடந்த அப்போட்டியின் இறுதிச் சுற்றில் எதிரெதிரே அமர்ந்த இருவரும் இந்தியப் பெண்கள். ஒருவர் ஆந்திர நாட்டைச் சேர்ந்த கொனேரு ஹம்பி. மற்றவர் நாகபுரியைச் சேர்ந்த திவ்யா தேஷ்முக். ஹம்பிக்கு அப்போது வயது 38. திவ்யாவுக்கு 19. சரியாகப் பாதி! ஹம்பி தம் 15ஆம் வயதில், 2002ஆம் ஆண்டில், கிராண்ட்மாஸ்டர் என்னும் உயர் பட்டத்தைப் பெற்றார். அதுவரை உலகில் எந்தப் பெண்ணும் அவ்வளவு இளம் வயதில் அப்பட்டத்தைப் பெற்றதில்லை. அந்நாளில் திவ்யா பிறக்கவே இல்லை. இருவரும் நம் தமிழ் மண்ணிலும் ஆடியவர்கள். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில் வெவ்வேறு இந்திய அணிகளில் இடம்பெற்றவர்கள்.

அப்போட்டி ஒருவரை ஒருவர் வென்று வெளியேற்றும் முறையில் அமைந்தது. ஒரு சுற்றில் தோற்றவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். முதலில் நீண்ட நேர ஆட்டங்கள் இரண்டு. அவற்றில் முடிவு எட்டாவிடில் விரைவு ஆட்டங்கள். காலிறுதிக்கு வந்த எண்மரில் நால்வர் இந்தியப் பெண்கள்: ஹம்பி, திவ்யா, ஹரிகா, நம் சென்னையைச் சேர்ந்த வைஷாலி. வைஷாலி சீனத்தின் டான் ஜோங்யியிடம் தோற்றார். உலகப் பட்டம் வென்றிருந்த அந்த டான் ஜோங்யியை அரையிறுதியில் வென்றார் திவ்யா. ஹம்பி மற்றொரு சீன வீராங்கனையான லெய் டிங்ஜியை வென்று இறுதிக்கு வந்தார்.

இனி அவ்விறுதிப் போட்டியைக் கேளுங்கள். முதல் ஆட்டம் சூலை 26ஆம் நாள். திவ்யாவுக்கு வெள்ளைக் காய்கள். தொடக்கத்திலேயே அவர் ஹம்பியை நெருக்கினார். ஓரிடத்தில் நல்ல வாய்ப்பு ஒன்று கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அதனை அவர் காணவில்லை. அனுபவம் மிக்க ஹம்பி பதறாமல் தம் நிலையைச் செப்பனிட்டார். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. மறுநாள் ஹம்பிக்கு வெள்ளைக் காய்கள். அந்த ஆட்டமும் சமநிலை.

சூலை 28ஆம் நாள் விரைவு ஆட்டங்கள். ஒவ்வொருவருக்கும் 15 நிமிடம். ஒவ்வொரு நகர்வுக்கும் 10 வினாடி கூடுதலாகக் கிடைக்கும். விரைவு ஆட்டத்தில் ஹம்பி இருமுறை உலக வாகையர். 2019இல் ஒரு முறை, 2024இல் மறுமுறை. எனவே அவர் கையே ஓங்கும் என்று பலர் எண்ணியிருந்தனர். முதல் விரைவு ஆட்டமும் சமநிலையில் முடிந்தது. இரண்டாவதில் ஹம்பிக்கு வெள்ளை, திவ்யாவுக்குக் கறுப்பு. நெடுநேரம் ஆட்டம் ஒரு பக்கமும் சாயவில்லை. ஹம்பியின் கடிகாரத்தில் நேரம் கரைந்துகொண்டே வந்தது. அந்நெருக்கடியில் அவர் ஒரு காலாளைக் கொடுத்து ஆட்டத்தைத் திருப்ப முயன்றார். நிலை திவ்யாவின் பக்கம் சாய்ந்தது. திவ்யாவும் பிழையற்று ஆடவில்லை. கைக்கு வந்த வெற்றியை ஒருமுறை நழுவவிட்டார். ஆயினும் கடைசிப் பிழை ஹம்பியுடையதாயிற்று. எழுபது நகர்வுகளைக் கடந்த அந்த ஆட்டத்தில் அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இரண்டரைக்கு ஒன்றரை என்னும் கணக்கில் திவ்யா வென்றார். இக்கோப்பையை வென்ற முதல் இந்தியப் பெண் அவர். எழுந்து சென்று தம் தாயைத் தழுவிக்கொண்டு அழுதார். கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற வேண்டுமாயின் முறைப்படி மூன்று தகுதி நிலைகளை வெவ்வேறு போட்டிகளில் ஈட்ட வேண்டும். பாட்டுமிக்குப் புறப்பட்டபோது திவ்யாவிடம் அவற்றுள் ஒன்றுகூட இல்லை. அக்கோப்பையை வெல்பவர்க்கு அப்பட்டம் நேரே கிடைக்கும் என்னும் விதியால், அன்று மாலையே அவர் இந்தியாவின் 88ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். பெண்களில் நான்காமவர். ஹம்பி, ஹரிகா, வைஷாலி ஆகியோருக்குப் பின் அவர் பெயர் எழுதப்பட்டது.

மாணவச் செல்வங்களே! வென்றவரைப் பாராட்டுவது எளிது. நீங்கள் தோற்றவரையும் சற்று உற்றுநோக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஹம்பி ஒரு தாய். மகப்பேற்றின் பொருட்டு இரண்டாண்டுக் காலம் போட்டிகளை விட்டு விலகியிருந்தார். பிள்ளை பெற்றபின் பெண்ணுக்கு ஆட்டம் எதற்கு என்று கேட்கும் உலகம் இது. அவர் திரும்பி வந்தார். திரும்பி வந்து 2019இல் உலக விரைவுப் பட்டத்தை வென்றார். ஐந்தாண்டு கழித்து மீண்டும் வென்றார். தம்மில் பாதி வயதுடைய பெண்ணிடம் உலகமே பார்த்துக்கொண்டிருக்கத் தோற்றபோதும், கைகுலுக்கிவிட்டு எழுந்தார். ஒரு தேர்வில் தோற்றால் வீட்டைவிட்டு வெளியே வர நாணும் நம் பிள்ளைகள் அந்தக் கைகுலுக்கலை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சதுரங்கத்தில் மற்றொரு நல்ல வழக்கம் உண்டு. நீண்ட நேர ஆட்டங்களில் ஒவ்வொரு நகர்வையும் ஆடுபவரே தம் கைப்பட எழுதி வைக்க வேண்டும். ஆட்டம் முடிந்தபின் எந்த இடத்தில் தவறினோம் என்று அத்தாளைக்கொண்டு ஆராய்வர். தோற்றவர்க்குத்தான் அத்தாள் மிகுதியும் பயன்படும். அரசுத் தேர்வு எழுதும் இளைஞர்களே! தேறாமற்போன தேர்வின் வினாத்தாளை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கிழித்து எறிகிறீர்கள். அதனை எடுத்து வைத்து, எவ்வினாவில் தவறினோம், எதற்கு நேரத்தை மிகுதியாகச் செலவிட்டோம் என்று குறித்துப் பாருங்கள். ஹம்பியை வீழ்த்தியதில் கடிகாரத்துக்கும் பங்கு இருந்தது. உங்களில் பலரை வீழ்த்துவதும் அதுவே.

இதுவரை நான் பலகையின் மேல் நடந்ததைச் சொன்னேன். பலகைக்கு வந்து சேரும் வழியைச் சொல்லாமல் விட்டால் உங்களை ஏமாற்றியவள் ஆவேன். பலகையின் முன் அமர்ந்தபின் எவரும் பிறப்பைக் கேட்பதில்லை; குதிரை யார் தொட்டாலும் ஒரே விதமாகத்தான் தாவும். இது மெய். ஆனால் அந்த நாற்காலியில் அமர்வதற்கு முன் எத்தனை வாயில்களைக் கடக்க வேண்டும்! ஹம்பிக்கு அவர் தந்தையே பயிற்சியாளர். திவ்யாவின் பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். பயிற்சிக்கும், பயணத்துக்கும், தங்குமிடத்துக்கும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். அவர்களுடைய உழைப்பை நான் ஒரு துளியும் குறைத்துச் சொல்லவில்லை. திறமை ஒன்றே போதும் என்று நம் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நாம் கைகட்டி நிற்கக் கூடாது என்றே சொல்கிறேன்.

திறமை ஒன்றே போதாது என்பதற்கு ஒரு பழைய சான்று தருகிறேன். 1933ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் பிரிட்டிஷ் மகளிர் சதுரங்கப் போட்டி நடைபெற்றது. அதனை வென்றவர் பாத்திமா என்னும் இந்தியப் பெண். அவர் யார்? பஞ்சாபைச் சேர்ந்த பெருநிலக்கிழார் சர் உமர் ஹயாத் கானின் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர். அதே ஆண்டில் ஆடவர் பட்டத்தை வென்றவரும் அந்நிலக்கிழாரைச் சார்ந்திருந்த மீர் சுல்தான் கான்தான். ஆள்பவர் நாட்டுக்குச் சென்று அவர்களுடைய பட்டங்களை வென்றார்கள் அவ்விருவரும்! பின்னர் என்ன நேர்ந்தது? எசமானர் நாடு திரும்பினார். அவரைச் சார்ந்தவர்களும் திரும்பினர். பாத்திமாவின் ஆட்டம் அத்துடன் நின்றது. சுல்தான் கானுக்கு உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 2024ஆம் ஆண்டில்தான் கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே அவர் மறைந்துவிட்டார். பாத்திமாவுக்கோ பட்டமும் இல்லை; அவர் வாழ்வைப் பற்றிய செய்திகளும் மிகக் குறைவு.

அவரிடம் திறமை இல்லையா? இருந்தது. தம் திறமையைத் தாமே ஆளும் உரிமை இல்லை. தம் காலில் நிற்கும் கல்வியும் வருவாயும் இல்லை. பிறர் அழைத்துச் சென்றால் போகலாம். பிறர் திரும்பினால் திரும்ப வேண்டும். தாய்மார்களே! நம் பெண்மக்கள் எவருடைய தயவாலும் மேடை ஏறி, எவருடைய விருப்பத்தாலும் மேடை இறங்கக் கூடாது. இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பாடுபடுவது அதற்காகவே.

வாயில் அடைக்கப்பட்டபோது தட்டித் திறந்தவர்களும் உண்டு. 1976ஆம் ஆண்டில் மும்பையைச் சேர்ந்த ரோகிணி காடில்கர் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுமி, ஆடவர் ஆடும் தேசியப் போட்டியில் ஆட வந்தார். பெண் எவ்வாறு ஆடலாம் என்று எதிர்ப்பு எழுந்தது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. இறுதியில், பெண்களைத் தேசியப் போட்டிகளிலோ பன்னாட்டுப் போட்டிகளிலோ விலக்கக் கூடாது என்று உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் அந்நாளைய தலைவர் மாக்ஸ் ஊவே தீர்ப்புரைத்தார். அச்சிறுமிக்குப் பின்னே ஒரு குடும்பம் நின்றது. அவருடைய அக்காள்மார் இருவரும் சதுரங்க வீராங்கனைகள். தனியொரு சிறுமியாக இருந்திருப்பின் நீதிமன்றப் படியை அவர் மிதித்திருக்க முடியுமா?

என் சொந்தக் கதையையும் ஈண்டுச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். எனக்குப் பத்து வயதிருக்கும். ஊர்ப் பெயர் வேண்டா. ஒரு வீட்டுத் திண்ணையில் பெரியவர் இருவர் மாலைதோறும் சதுரங்கம் ஆடுவர். விறகுச் சுமையோடு அவ்வழியே வரும் நான் தெருவில் நின்று பார்ப்பேன். அருகில் செல்ல முடியாது. அக்காரணம் உங்களுக்குத் தெரியும். தொலைவில் நின்றே காய்கள் செல்லும் விதத்தைக் கற்றேன். வீட்டுக்கு வந்து தரையில் கரியால் கட்டம் கிழித்து, புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் வைத்து என் தம்பியோடு ஆடுவேன். ஒருநாள் திண்ணையில் இருந்தவர் ஒரு தவறான காயை நகர்த்தப் போக, என் வாய் சும்மா இராமல், “ஐயா, குதிரை போகுது” என்றது. ஆட்டம் நின்றது. மறுநாள் முதல் அத்தெரு வழியே வரக் கூடாது என்று என் தந்தைக்குச் சொல்லி அனுப்பினர். தந்தை என்னை அடிக்கவில்லை. “சொன்னது சரிதானா, ஆத்தா?” என்று மட்டும் கேட்டார். “சரிதான், அய்யா” என்றேன். “அப்ப சரி” என்றார். மறு வாரம் என்னை உயர்நிலைப் பள்ளியில் சேர்ப்பது பற்றி வாத்தியாரைக் காணச் சென்றார். நான் ஆசிரியை ஆனது அந்த ஒரு சொல்லால்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம். கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும் பூண்டு நம் வடுகபட்டிச் சந்தைக்கு வருகிறது. மூட்டைகளைப் பிரித்துக் கொட்டித் தரம் பிரிக்கும் பெண்களை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். ஒரு பூண்டைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அதன் தரத்தைக் கண்ணும் விரலும் சேர்ந்து சொல்லிவிடும். ஆயிரம் காய்களுக்கு நடுவே வேறுபாட்டை ஒரு நொடியில் காணும் அறிவு அது. பாட்டுமியில் வென்ற அறிவும் அதன் உடன்பிறப்பே. நம் பெண்களிடம் மதி குறைவன்று. மதிக்குப் பயிற்சி தரும் நேரந்தான் குறைவு.

நம் படிப்பகத்தில் இரண்டு சதுரங்கப் பலகைகள் உள்ளன. கடந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அங்கு வரும் பையன்கள் அனைவரையும் வென்றாள். பையன்கள் அவளிடம் தோற்றுத் தோற்றுத் தாங்களும் நன்றாக ஆடக் கற்றுக்கொண்டனர். இவ்வாண்டு அவள் வருவதில்லை. காரணம் கேட்டேன். “பொழுது சாஞ்சா வெளியே இருக்கக் கூடாதுன்னு வீட்ல சொல்லிட்டாங்க, டீச்சர்” என்றாள். பையன்கள் இரவு எட்டு மணி வரை படிக்கிறார்கள். பெண்பிள்ளைகள் ஆறு மணிக்கே எழுந்து போகிறார்கள். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம்! ஆண்டு முழுவதும் கூட்டிப் பாருங்கள். ஹம்பிக்கு அன்று சில நிமிடங்கள் போதாமற்போயின. நம் பெண்களிடமிருந்து நாமே நூற்றுக்கணக்கான மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறோம்.

பெற்றோரின் அச்சத்தை நான் பழிக்கவில்லை. பெண்பிள்ளையைப் பெற்றவர் அஞ்சுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. நம் பெண்பிள்ளைகளுக்கு அவை இரட்டிப்பு. ஆனால் அச்சத்துக்கு மருந்து பூட்டு அன்று, துணை. என் வேண்டுகோள் இதுதான். இனிப் படிப்பகம் பெண்பிள்ளைகளுக்கும் எட்டு மணி வரை திறந்திருக்கட்டும். கழக உறுப்பினர்கள் முறைவைத்து, நாளுக்கு இருவராக, அவர்களில் ஒருவர் பெண்ணாக, பிள்ளைகளை அவரவர் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட வேண்டும். முதல் மாத முறைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். முழங்கால் வலி இருப்பினும் நான் நடப்பேன். என்னோடு நடக்க யார் வருகிறீர்கள் என்பதை விழா முடிவதற்குள் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள்.

திவ்யா பிறந்த அதே நாகபுரியில், 1942ஆம் ஆண்டு சூலை 20ஆம் நாள், ஒடுக்கப்பட்ட வகுப்பு மகளிர் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் பேசினார். ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்கள் எய்திய முன்னேற்றத்தைக் கொண்டே தாம் அளப்பதாகக் கூறினார். அந்த அளவுகோலை இந்த வெள்ளி விழாவிலும் நாம் எடுத்துப் பார்க்க வேண்டும். நம் பெண்பிள்ளைகள் மாலை ஆறு மணிக்கே எழுந்து போகும் வரை நம் அளவும் ஆறு மணியோடுதான் நிற்கும்.

சதுரங்கத்தில் மிகச் சிறிய காய் காலாள். பெரும்பாலும் ஒரு கட்டம் ஒரு கட்டமாகத்தான் முன்னே செல்லும். பின்வாங்க அதற்கு வழியே இல்லை. எதிர் எல்லையின் கடைசிக் கட்டத்தை எட்டினால் அது அரசியாகவே மாறலாம். ஆனால் துணையின்றித் தனியே ஓடிய காலாள் வழியிலேயே வெட்டுப்படும். பின்னால் மற்றொரு காய் காத்து நின்றால்தான் எல்லை சேரும். நம் பெண்பிள்ளைகள் முன்னே செல்லட்டும். நாம் பின்னே துணை நிற்போம்.